ஊரப்பாக்கம் – கூடுவாஞ்சேரி பக்கம் யாராவது பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறீர்களா?

புதுக்குடி_ஊரப்பாக்கம்

எல்லாருக்கும் வணக்கம். திண்டிவனம் பக்கம் சொந்த ஊர். போன ஆவணியில் ஊரப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடி வந்தோம். மகளுக்கு மூன்றரை வயது ஆகப் போகிறது, வருகிற ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும்.

ஒரு வாரம் காலையில் 7 மணியிலிருந்து 8.15 வரை எங்கள் கேட் பக்கம் நின்று பார்த்தேன். ஒன்பது மஞ்சள் வண்டிகள் வந்து போகின்றன. 46 வீடுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல், அதில் ஒரு பிள்ளைகூட அரசுப் பள்ளிச் சீருடையில் இல்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் சிபிஎஸ்இயா மெட்ரிக்கா என்பதில்தான் பேச்சு ஓடுகிறது. பக்கத்து அரசுப் பள்ளியை யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன், அதற்கப்புறம் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு அக்கா மட்டும் தனியாக போன் போட்டு, குழந்தை வாழ்க்கையில் விஷப்பரீட்சை வேண்டாம் தம்பி என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அது எனக்குப் புரிகிறது.

நான் ஒன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. மனைவி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. வீட்டுக் கடனுக்கு மாதம் 31 ஆயிரம் போகிறது, ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். புறநகர் என்றாலே எல்லாரும் தனியார் பள்ளிதானா, அல்லது எங்கள் குடியிருப்பு மட்டும் இப்படியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நந்திவரம்_பழசு

தம்பி, நான் 1994-லிருந்து இந்தப் பக்கம் இருக்கிறேன். உங்கள் குடியிருப்பு மட்டுமல்ல, வண்டலூரிலிருந்து மறைமலைநகர் வரை புதுசாக வந்த நகர் எதை எடுத்தாலும் இதே கதைதான். மேடவாக்கம், மாடம்பாக்கம், அந்தப் பக்கம் போரூர், ஆவடி வரைக்கும் போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

காரணம் நிலத்திலேயே இருக்கிறது. இங்கே எல்லாம் வயலும் ஏரிக்கரையும்தான். பழைய ஊருக்கு என்று ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருந்தது, இருநூறு முந்நூறு வீட்டுக்கு அது போதும். அப்புறம் வயலை மனை போட்டார்கள். லேஅவுட்டில் ரோடு விட்டார்கள், பூங்கா என்று ஓர் இடம் விட்டார்கள், பள்ளிக்கு என்று விட்டிருந்தாலும் அதில் வந்தது தனியார் கட்டடம். மக்கள் பத்து மடங்கு ஆனார்கள், அரசுப் பள்ளி அதே இடத்தில் அதே நாலு அறையோடு நிற்கிறது. புது நகரில் இருப்பவருக்கு அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் அது ஊருக்குள் இருக்கிறது, இவர் ஊருக்குள் போக வேலையே இல்லை. நடுவில் ஜிஎஸ்டி சாலை, ரயில் பாதை வேறு.

எண்ணிக்கையும் சொல்கிறேன். 2025-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட கல்வி மாதிரி ஆய்வில், நாடு முழுக்க நகர்ப்புறத்தில் பள்ளி போகும் பிள்ளைகளில் 30.1 சதவீதம்தான் அரசுப் பள்ளி. கிராமப்புறத்தில் அது 66 சதவீதம். இது பெருநகரக் குடிசைப் பகுதிகளையும் சேர்த்த கணக்கு. ஆக நம்மைப் போல மாதச் சம்பளம், வீட்டுக் கடன், டூவீலர் என்று இருக்கும் தெருவில் நீங்கள் பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

சேலையூர்_அம்மா

எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஐந்தாவது, சின்னவள் யுகேஜி, இரண்டு பேரும் சிபிஎஸ்இ. புதுசாக வருபவர்களிடம் யாரும் முழுத் தொகையைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

பெரியவனுக்கு மூன்று டேர்ம் சேர்த்து 92 ஆயிரம். சின்னவளுக்கு 74. வேன் ஆளுக்கு மாதம் 1,900, பத்து மாதம்தான் ஓடும், பதினோரு மாதத்துக்கு வாங்குகிறார்கள். புத்தகம் நோட்டு பள்ளியிலேயே வாங்க வேண்டும், போன ஏப்ரலில் இரண்டு பேருக்கும் சேர்த்து 17,400. கட்டாக அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், பிரித்துப் பார்த்தால் முன் வருஷத்து நோட்டில் பாதிக்கு மேல் எழுதாத பக்கம் இருக்கும்போது புது நோட்டு பன்னிரண்டு. சீருடை இரண்டு செட், வெள்ளைக் கான்வாஸ், கறுப்பு ஷூ. அப்புறம் ஆண்டு விழாவுக்கு என்று ஓர் உடை, அதை ஒரு நாள்தான் போடுவாள். இதெல்லாம் போக அபாகஸ் மாதம் 800.

என் கணவர் ஒரகடத்தில் வேலை, நான் வீட்டிலிருந்து தையல். ஏப்ரல் மே வந்தால் என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போகும், தீபாவளி போனஸில் திரும்பி வரும். நாலு வருஷமாக இதுதான் வழக்கம். மாற்றிவிடலாமா என்று ஒவ்வொரு வருஷமும் பேசுகிறோம். மகனுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

டிசி_கேட்டவன்

அக்கா, கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டீர்களா? தமிழ்நாட்டில் 2009-லேயே கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கும். அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி தப்பு. ரசீதில் என்ன தலைப்பில் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

பள்ளியில் சேர்ப்பதற்குக் குழந்தையை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவு. முதல் தடவை 25 ஆயிரம் வரை அபராதம், அடுத்தடுத்து 50 ஆயிரம் வரை. ஆனால் புகார் கொடுக்கிற பெற்றோரின் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் பாக்கித் தொகைப் பிரச்சினையில் மூன்று மாதம் டிசிக்கு அலைந்தேன், அப்போது நானும் புகார் கொடுக்கவில்லை, இன்றுவரை அது மனசில் உறுத்துகிறது.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

நான் இதே ஜிஎஸ்டி சாலைப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பள்ளிப் பெயர் சொல்லவில்லை. நந்திவரம் அண்ணா நிலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் உள்ளே நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கொரோனா சமயத்தில், 2021 ஜூனில் எங்கள் பள்ளிக்கு வரிசை நின்றது. சம்பளம் குறைந்தவர்கள், கடை மூடியவர்கள், பாதி வருஷம் ஆன்லைன் வகுப்புக்கு முழு ஃபீஸ் கட்டிச் சலித்தவர்கள். 112 பிள்ளைகள் ஆனார்கள். நாலு ஆசிரியர்கள் இருந்தோம். அந்த இரண்டு வருஷம் நாங்கள் பாடம் நடத்திய மாதிரி என் 19 வருஷ சர்வீஸில் நடத்தியதில்லை, அவ்வளவு உற்சாகம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். இப்போது 58.

சட்டத்தில் உள்ள கணக்கு என்னவென்றால் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நாலு. 58 பிள்ளைக்கு நானும் தலைமை ஆசிரியரும்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒன்றிலிருந்து மூன்று வரை நான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைப்படி பிரித்து உட்கார வைப்போம். அரும்புக்கு எழுத்து அட்டை கொடுத்து உட்கார வைத்து, மலருக்குக் கதை வாசிக்கச் சொல்லிவிட்டு, மொட்டு பக்கம் திரும்பும்போது அரும்பில் ஒருத்தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பான். தலைமை ஆசிரியர் கூட்டம், எமிஸ் என்ற இணையப் பதிவு என்று போனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் எனக்கு. பெற்றோர் எட்டிப் பார்க்கும் நேரம் அந்த நாளாக இருந்தால், இங்கே பாடமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதால் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைவதால் ஆசிரியர் போகிறார், ஆசிரியர் போவதால் அடுத்தவரும் போகிறார். இதை நான் கண் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவரின் மகள் ஒருத்தி ஆகஸ்டில் சேர்ந்தாள், தமிழில் ஒரு சொல் தெரியாது. போன மாதம் தன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ஆதாரில் பெயர் தப்பாக இருக்கிறது டீச்சர், எங்கே போய் மாற்றணும் என்று அம்மா கேட்கிறாங்க என்று தமிழில் எனக்கு எடுத்துச் சொன்னாள். எங்கள் பள்ளியில் இதுவும் நடக்கிறது.

ஐடி_பெருங்களத்தூர்

டீச்சர் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த இழை போகிற போக்கில் தனியாரில் சேர்த்தவர்கள் எல்லாம் குற்றவாளி மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். காலை 7.40-க்குக் கிளம்பினால் சாயங்காலம் 7 மணி. அரசுத் தொடக்கப் பள்ளி 4 மணி அளவில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு என் மகன் எங்கே இருப்பான்? தனியார் பள்ளியில் ஆறு மணி வரை டே கேர் இருக்கிறது, வேன் வாசலில் இறக்குகிறது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் பாட்டி பார்த்துக்கொள்வார், இங்கே யார் இருக்கிறார்கள்? அதோடு வேலை மாற்றலில் பெங்களூரு, புனே போனால் சிபிஎஸ்இதான் கைகொடுக்கும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள், தெரிந்துகொண்டே என் பிள்ளையை அங்கே உட்கார வைக்கச் சொன்னால் எப்படி? அரசு முதலில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் போடட்டும், நான் முதல் ஆளாக வருகிறேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

சார், நீங்கள் கேட்பது நியாயம். டே கேர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதைத்தான் எங்கள் சங்கங்களும் வருஷக்கணக்காகக் கேட்கின்றன. இதை உங்களைப் போன்றவர்கள் வெளியிலிருந்தாவது சேர்ந்து கேட்டால் காதில் விழும்.

பத்தாயிரம்_மிஸ்

நான் அந்தப் பக்கத்து ஆள். தனியார் பள்ளியில் எட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், எம்.எஸ்சி., பி.எட். சேர்ந்தபோது பத்தாயிரம், இப்போது 15,500. வகுப்பில் 42 பிள்ளைகள். டைரி எழுதுவது, நோட்டுத் திருத்துவது, சேர்க்கை மாதத்தில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போவது எல்லாம் எங்கள் வேலை. என் மகள் இதே பள்ளியில் பாதிக் கட்டணத்தில் படிக்கிறாள், அதற்காகத்தான் வேறு இடம் தேடாமல் இருக்கிறேன்.

மெட்ரிக்கில் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை உறுதி செய்ததற்குப் பிறகு மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றேதான். நான் ஆங்கில வழியில் நடத்தும் அறிவியல் புத்தகமும் அரசுப் பள்ளி ஆங்கில வழிப் பிரிவில் இருக்கும் புத்தகமும் அச்சு எழுத்து மாறாமல் ஒன்று. எங்களிடம் கூடுதலாக இருப்பது என்ன என்று நேர்மையாகச் சொன்னால், வகுப்புக்கு ஓர் ஆசிரியை, தினமும் வீட்டுப்பாடம், பிள்ளை வரவில்லை என்றால் பத்து மணிக்கு வீட்டுக்கு போன். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆசிரியர் தகுதியில் டீச்சர் போன்றவர்கள் எங்களைவிட மேல்.

கேப்_வண்டி_வீட்டுக்காரி

எங்கள் வீட்டுக்காரர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். 2022-ல் ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துக் குலுக்கலில் மகனுக்கு மெட்ரிக்கில் எல்கேஜி சீட் கிடைத்தது. வருமானம் வருஷத்துக்கு 2 லட்சத்துக்குள், வீடு ஒரு கிலோமீட்டருக்குள். அன்றைக்கு ஊருக்கே ஸ்வீட் கொடுத்தோம். கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று வருஷத்துக்குப் பதினாலாயிரம் கேட்கிறார்கள். ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் 2025-ல் காத்திருந்தார்கள். ஒன்றிய அரசு நிதி தரவில்லை என்ற பிரச்சினையில் மே மாதம் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் அவர்கள் வட்டிக்கு வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

எட்டாவது வரைதான் இந்தச் சலுகை. ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்கிறார்களே, உண்மையா?

மாற்றிப்பார்த்தவர்

உண்மைதான் அம்மா. மருத்துவ இடத்துக்கு 2020-ல் வந்த அந்தச் சட்டத்தில், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆர்டிஇயில் எட்டாவது வரை தனியாரில் படித்து, மீதியை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆர்டிஇயில் சேர்த்ததற்கான தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நான் என் மகனை 2021-ல் தனியாரிலிருந்து எடுத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர்த்தேன். இப்போது பத்தாவது எழுதப் போகிறான். டிசி தாமதமானாலும் பரவாயில்லை, கொண்டுவாங்க என்றார் தலைமை ஆசிரியர். எட்டாவது வரை டிசி தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முதல் ஆறு மாதம் சிரமப்பட்டான். வகுப்பில் 61 பேர், கழிவறை சரியில்லை, மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து வீட்டுக்கு ஓடி வருவான். நாங்கள் பத்துப் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஒன்றரை வருஷத்தில் புதுக் கழிவறையும் தூய்மைப் பணியாளரும் வந்தார்கள். கணக்கு ஆசிரியர் தங்கமானவர், பரீட்சைக்கு முன்னால் சனிக்கிழமை வந்து உட்கார்வார். ஆங்கில ஆசிரியர் இடம் ஏழு மாதம் காலியாக இருந்ததும் உண்மை, அப்போது வெளியே டியூஷன் வைத்தேன். ஃபீஸ் கட்டாத காசில் பாதியை டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் செலவழித்தேன், மீதிப் பாதி அவன் பேரில் இருக்கிறது.

உறவுக்காரர்கள் பேச்சுதான் அதிகம் வலித்தது. உனக்கு வேலை போய்விட்டதா என்று என் மச்சான் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

வேன்_ஓட்டுறவன்

எல்லாம் படித்தேன். நான் 14 வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை 6.50-க்கு முதல் பிள்ளை ஏறும், 8.25-க்குப் பள்ளி வாசல். முதலில் ஏறுகிற பிள்ளை தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டியில், எல்கேஜிப் பிள்ளை, ஜன்னலில் தலை சாய்ந்து தூங்கிவிடும். அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து ஊராட்சிப் பள்ளி நானூறு மீட்டர்கூட இல்லை, தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறோம். 2012-ல் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு குழந்தை செத்துப்போனது நம் பகுதியில் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறம்தான் பள்ளி வண்டிக்குத் தனி விதி, வருஷா வருஷம் ஆர்டிஓ சோதனை எல்லாம் வந்தது. நான் கவனமாகத்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்திலேயே சேருங்கள், அது எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி.

புதுக்குடி_ஊரப்பாக்கம்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதையும் வேன் அண்ணன் எழுதியதையும் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

நேற்று லீவு போட்டு இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் 11 நிமிஷம், நடுவில் ஒரு ரயில்வே கேட். நடுநிலைப் பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை. வளாகத்திலேயே அங்கன்வாடி, அதில் எல்கேஜி யுகேஜி. 2019-ல் 2,381 நடுநிலைப் பள்ளி வளாகங்களில் தொடங்கினார்களே, அதில் இதுவும் ஒன்றாம். போன நேரம் காலை உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரவா கிச்சடி, சாம்பார். என் மகள் யாரும் சொல்லாமலே போய் அந்த வரிசையில் நின்றுகொண்டாள். ஆயாம்மா ஒரு தட்டில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டாள்.

மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது, அதுதான் அவள் கண்ணில் பட்டது. எல்கேஜிக்குத் தனி ஆசிரியை இல்லை, இருப்பவர் வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் இங்கே விடுவோம், ஒன்றாம் வகுப்பில் மறுபடி யோசிப்போம் என்ற இடத்தில் நிற்கிறோம். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் நாங்களும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். குரூப்பில் எழுதவில்லை, லிஃப்ட் பக்கம் பார்த்துச் சொன்னார்கள்.

டீச்சர், சேர்க்கைக்கு என்னென்ன கொண்டு போக வேண்டும்? மகளுக்கு ஆதார் இன்னும் எடுக்கவில்லை.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

பிறப்புச் சான்று, ஒரு புகைப்படம் போதும். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். ஜூன் வரை காத்திருக்காதீர்கள், முன்னாலேயே போய்ப் பேரைக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது மாடிக்காரர்களையும் கூட்டிப் போங்கள். சுற்றுச்சுவருக்கு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், போடவில்லை என்றால் அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.